பிள்ளைகளின் நாடகம் – பெரியவர்களுக்கும் ஒரு பாடம்



"மலையிலிருந்து வந்து சோறாக்கவே நேரம் போதல்ல. இதில பிள்ளைங்களுக்கு நாடகம் வேறயா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாள் முழுவதும் கொழுந்துக் கூடையைச் சுமந்துவிட்டு வரும் தாயிடம் இன்னொரு சுமையை ஏற்றுவது நமது நோக்கமல்ல. ஆனால் நாம் தோட்டந்தோட்டமாகப் போகும்போது ஆசிரியர்களிடமும் பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளர்களிடமும் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "பிள்ளைக்கு எல்லாம் விளங்குது, ஆனா வாயைத் திறக்குதில்லை" என்பதே அது. வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிகிறது. டவுனுக்குப் போனால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிகிறது. தனக்கு ஒரு கெடுதல் நடந்தால்கூட யாரிடமும் சொல்லத் தெரியாமல் நிற்கிறது.

இந்த வாயைத் திறக்க வைக்கும் வழிகளில் ஒன்று நாடகம். அதற்குக் காசு வேண்டாம், மேடை வேண்டாம், சீலை கட்டிய திரையும் வேண்டாம். இந்தப் பாடத்தில் நாம் மூன்று விஷயங்களைப் பார்ப்போம். வடக்கிலே சிறுவர் நாடகம் எப்படி வளர்ந்தது? அதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? நமது லயத்து வாசலில் அதை எப்படிச் செய்யலாம்?

தீவும் மலையும்

வேலணை என்ற ஊரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து போனால் வருகிற தீவு அது. ஊர்காவற்றுறை, நாரந்தனை, சரவணை, அல்லைப்பிட்டி எல்லாம் அதே தீவில் உள்ள ஊர்கள். அதற்கும் அப்பால் புங்குடுதீவு. அங்குள்ள குறிகட்டுவான் துறையில் படகு ஏறித்தான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகவேண்டும். பனையும் கடலும் உவர் கிணறுகளும் உள்ள பூமி.

அந்தத் தீவுகளுக்கும் நம் மலைக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. நிலத்திலும் தண்ணீரிலும் குறைவு கண்ட தீவகத்து ஆட்கள் வியாபாரத்துக்காகக் கொழும்புக்கும் தென்பகுதிக்கும் மலைநாட்டு டவுன்களுக்கும் வந்து கடை போட்டார்கள். நம் தாத்தாமார் சம்பள நாளில் சாமான் வாங்கிய கடைகளிலும் அவர்களுடைய கடைகள் இருந்தன. அதேபோல யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து மலையகப் பாடசாலைகளில் படிப்பித்த ஆசிரியர்களும் பலர்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தீவுப் பிள்ளைக்கு ஒரு நல்ல காட்சி பார்க்கக் கிடைக்க வேண்டுமென்றால், அது பாலத்தைக் கடந்தோ படகில் ஏறியோ வரவேண்டும். நம் பிள்ளைக்கு அது மலை ஏறி வரவேண்டும். இரண்டு இடத்திலும் பெரிய மண்டபத்து நாடகம் தானாக வந்து சேராது. ஆகவே அங்கே பொருந்திய வழி இங்கேயும் பொருந்தும்.

விடிய விடிய நடந்த கூத்துகள்

முன்பு வேலணை போன்ற ஊர்களில் நாடகம் என்றால் கோயில் திருவிழாவோடு வருவது. யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் மிகப் பெயர் பெற்றது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக வந்து மயான காண்டம் நடித்தால், சனம் பாயைக் கொண்டுபோய்ப் போட்டு விடிய விடியப் பார்க்கும். சந்திரமதி பிள்ளையின் உடலை மடியில் வைத்துப் புலம்பும் இடத்தில் கண்கலங்காதவர் இல்லை. கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து நடந்தது. குடும்பம் முழுவதும் ஒன்றாகப் போய்ப் பார்த்த காட்சிகள் அவை.

நமக்கும் இது புதிதல்ல. மாசி மாதம் வந்தால் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, தப்பு அடித்து, ரதியும் மன்மதனும் லயம் லயமாக வருவதில்லையா? சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கும் இரவில் தோட்டமே திரண்டு நிற்பதில்லையா? அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் நம் முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்தபோது நெஞ்சில் கொண்டுவந்த சொத்து. ஆகவே "நாடகம் படிச்சவங்க சமாச்சாரம்" என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

ஆனால் தீவிலும் சரி, மலையிலும் சரி, இந்த இரவுகளில் பிள்ளைகளின் இடம் எது? முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது, பாதியில் தூங்கிப்போவது. அவ்வளவுதான். கதை பெரியவர்களுடையது. பிள்ளை பார்ப்பவர் மட்டுமே.

பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் நடித்தார்கள். அதிலும் பெரும்பாலும் ராசா வேடம், மீசை, அட்டைக் கத்தி, நாக்கில் புரளாத நீண்ட வசனம். திரைக்குப் பின்னால் நின்று ஆசிரியர் சொல்லிக் கொடுக்க, முன்னால் பிள்ளை நடுங்கிக்கொண்டே ஒப்புவிக்கும். அது சின்ன உருவத்தில் இருக்கும் பெரியவர்களின் நாடகம். பிள்ளையின் நாடகம் அல்ல.

குழந்தை என்றே பெயர் பெற்ற ஆசிரியர்

இதை மாற்ற முயன்றவர்களில் முக்கியமானவர் குழந்தை ம. சண்முகலிங்கம். 1931 இல் பிறந்தவர், பாடசாலை ஆசிரியர். 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி என்ற பயிற்சி நிறுவனம் உருவாக முன்னின்றவர். பேருக்குத்தான் கல்லூரி. அங்கே நடந்தது உடம்பையும் குரலையும் கற்பனையையும் பழக்கும் பயிற்சி. அந்தக் காலத்தில் அவர் பிள்ளைகளுக்காக எழுதிய நாடகம் 'கூடி விளையாடு பாப்பா'. பாரதியாரின் பாப்பாப் பாட்டை நினைவூட்டும் பெயர். ஆட்டமும் பாட்டும் விளையாட்டுமாகப் பிள்ளைகளுக்கு ஏற்ற நாடகம் என்று ஒன்று தனியாக இருக்க முடியும் என்பதை அது நம் நாட்டுத் தமிழருக்குக் காட்டியது.

மட்டக்களப்பைச் சேர்ந்த பேராசிரியர் சி. மௌனகுருவும் பிள்ளைகளுக்கு எழுதினார். அவருடைய ஒரு நாடகத்தின் பெயர் 'தப்பி வந்த தாடி ஆடு'. பெயரைக் கேட்டவுடனேயே ஒரு பிள்ளை தாடியைத் தடவிக்கொண்டு "மே" என்று கத்தத் தொடங்கிவிடும். சிறுவர் நாடகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்று நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் எடுக்கக்கூடிய பாடம். ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது பல்கலைக்கழகம் வரை வழி திறக்கும் என்பதையும் பெற்றோர் மனதில் வையுங்கள்.

சண்முகலிங்கம் ஐயா பிள்ளைகளோடு நிற்கவில்லை. 1985 இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணத்து ஊர்களுக்குள் போய் நடிக்கப்பட்டது. 'அன்னை இட்ட தீ' போர்க்காலம் மனதில் ஏற்படுத்திய காயங்களைப் பேசியது. 'எந்தையும் தாயும்' என்ற நாடகமோ, பிள்ளைகள் வெளிநாடு போனபின் வீட்டில் தனித்துப்போன வயோதிபர்களைப் பற்றியது. 1990 – 91 காலத்தில் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். பலர் கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். வேலணையிலும் பக்கத்துத் தீவுகளிலும் பூட்டிக்கிடக்கும் வீடுகளையும், பெற்ற பிள்ளையின் குரலைப் போனில் மட்டும் கேட்கும் தாய் தகப்பனையும் காணலாம். நம் லயத்தில் என்ன நிலைமை? மகன் கொழும்புக் கடையில். மகள் தையல் தொழிற்சாலையில். மருமகள் குவைத்திலோ சவூதியிலோ. பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு பாட்டி. இடம் வேறு, தனிமை ஒன்றே. ஐயா 2025 ஜனவரியில் காலமானார். அவர் எழுதியவை இரண்டு இடத்துக்கும் பொருந்துகின்றன.

மற்ற இடங்களில்

சிங்கள மொழியில் சிறுவர் நாடகத்தை வளர்த்தவர்களில் 2015 இல் மறைந்த சோமலதா சுபசிங்க அம்மையார் முதன்மையானவர். அவருடைய 'தொப்பி வெளெந்தா' நமக்கும் தெரிந்த கதை: குல்லா வியாபாரியும் குரங்குகளும். 2000 களில் பராக்கிரம நிரியெல்லவும் நண்பர்களும் தொடங்கிய 'ஜனகரளிய' என்ற நடமாடும் அரங்கில் தமிழ் நடிகர்களும் சிங்கள நடிகர்களும் ஒன்றாக நடித்து ஊர் ஊராகப் போனார்கள். புதுச்சேரியில் வேலு சரவணன் 'ஆழி' என்ற சிறுவர் நாடகக் குழுவை வைத்துப் பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறார்.

இங்கிலாந்தில் 1965 இல் கவன்றி நகரத்து நாடக அரங்கம் ஒன்று, நடிகர்களையே பாடசாலைக்கு அனுப்பிப் பாடத்தையும் நாடகத்தையும் சேர்த்தது. பிரேசில் நாட்டின் அகுஸ்தோ போவால் (1931–2009) இன்னொரு வழி காட்டினார். நாடகத்தை ஒரு பிரச்சினையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வந்து செய்து காட்டுங்கள்" என்று பார்ப்பவர்களைக் கூப்பிடுவது அவர் வழி. மார்ச் 20 ஆம் திகதி உலகச் சிறுவர் நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது. தோட்டத்தில் முதல் நாடகம் போட அதை ஒரு குறியாக வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

குரங்காக நடிக்கும் பிள்ளைக்கு வெட்கம் குறைவு. ஏனென்றால் பேசுவது தானல்ல, குரங்கு! அந்த மறைப்புக்குள் நின்று அது சத்தமாகப் பேசப் பழகுகிறது. பழகிய குரல் பிறகு வகுப்பிலும் வரும்.

அடுத்தது, தன் முறை வரும்வரை காத்திருக்கவும் மற்றவர் சொல்வதைக் கேட்கவும் பழகுகிறது. குல்லா வியாபாரி தூங்குமுன் குரங்கு மரத்தால் இறங்கினால் கதை கெட்டுவிடும். இதை அடித்துச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விளையாட்டே சொல்லிக்கொடுக்கும்.

மூன்றாவது, இன்னொருவரின் நிலையில் நின்று பார்க்கிறது. அம்மாவாக நடிக்கும் மகனுக்கு, கூடையோடு வீட்டுக்கு வந்து விறகு பற்றவைப்பது என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கும்.

செய்முறை: குல்லா வியாபாரி

இடம்: பிரட்டுக்களம், கோயில் முற்றம், பிள்ளை மடுவத்து வாசல் – எதுவும் போதும். பார்ப்பவர்கள் வட்டமாக உட்காரட்டும், நடுவில் நடிக்கட்டும். வட்டமாக இருந்தால் கடைசி வரிசைப் பிள்ளை என்று ஒன்று இல்லை.

நேரம்: ஞாயிறு அல்லது போயா நாள், பின்னேரம் மூன்று மணிபோல. இருட்டுமுன் எல்லோரும் வீடு சேரவேண்டும். நாடகம் அரை மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். மழை வந்தால் மடுவத்துக்குள் போகலாம்.

பொருட்கள்: பழைய கொழுந்துக் கூடை வியாபாரியின் கூடையாகும். பழைய படங்கு குரங்கின் உடம்பாகும். சவர்க்காரப் பெட்டி அட்டையை வெட்டி, கோதுமை மாவுப் பசையால் ஒட்டினால் முகமூடி. காய்ந்த மிலாறு நாலைக் கட்டி நிறுத்தினால் மரம். தப்பு அடிக்கத் தெரிந்த ஒரு மாமா இருந்தால் அதுவே வாத்தியக் கோஷ்டி. இல்லாவிட்டால் தகர டின் போதும். கடைக்குப் போய் எதையும் வாங்காதீர்கள்.

நடிகர்கள்: வியாபாரி ஒருவர். மற்ற எல்லாப் பிள்ளைகளும் குரங்குகள். "உனக்கு வேடம் இல்லை" என்று எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். நடக்க முடியாத பிள்ளை மரமாகவோ தாளம் போடுபவராகவோ இருக்கலாம். பெண் பிள்ளை வியாபாரியானால் என்ன குறை?

பழகும் முறை: வசனத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். முதலில் கதையைச் சொல்லுங்கள். பிறகு "எல்லாரும் குரங்கா நடந்து காட்டுங்க பாப்போம்" என்று கேளுங்கள். "வியாபாரி வெயில்ல வாறாரு, கூடை பாரம், எப்படி நடப்பாரு?" என்று கேளுங்கள். பாரம் சுமந்து நடப்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அம்மாவைத் தினமும் பார்க்கிறார்கள். அவர்கள் வாயில் வரும் பேச்சே வசனம். நாலு ஞாயிறு கூடினால் நாடகம் தயார்.

பார்ப்பவர்களையும் சேருங்கள்: வியாபாரி தூங்கும்போது குரங்குகள் குல்லாவை எடுக்க, உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் "மாமா, எழும்புங்க!" என்று கத்துவார்கள். கத்தட்டும், அடக்காதீர்கள். அந்தச் சத்தமும் நாடகத்தின் பகுதிதான்.

முடிவு: கதையில் வியாபாரி தன் குல்லாவைக் கழற்றி எறிய, குரங்குகளும் எறியும். அதோடு முடிக்காமல் ஒரு தடவை இப்படிச் செய்து பாருங்கள். குரங்குகள் எறிய மறுக்கட்டும். "இப்ப வியாபாரி என்ன செய்வாரு?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒன்று வாழைப்பழம் கொடுக்கலாம் என்னும். ஒன்று குரங்கோடு பேரம் பேசலாம் என்னும். ஒவ்வொன்றையும் நடித்துப் பார்க்கட்டும். யோசிக்கப் பழகுவது இப்படித்தான்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு: "போகலாமா, வேண்டாமா?"

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களோடு போவாலின் வழியைப் பயன்படுத்தலாம். கதை இது. வீட்டில் கடன். தரகர் ஒருவர் வருகிறார். "கொழும்புல நல்ல வீடு. உங்க மகளை அனுப்புங்க. சோறு, துணி, சம்பளம் எல்லாம் கிடைக்கும்" என்கிறார். தகப்பன் யோசிக்கிறார். தாய் அழுகிறாள். பாட்டி, "பொட்டப்புள்ள படிச்சு என்னாகப் போவுது?" என்கிறாள். மகள் பேசாமல் நிற்கிறாள். இந்த இடத்தில் நாடகத்தை நிறுத்துங்கள்.

இப்போது பார்ப்பவர்களிடம் கேளுங்கள்: "இந்த மகள் என்ன சொல்லலாம்? தாய் என்ன செய்யலாம்? வந்து செய்து காட்டுங்க." ஒரு பிள்ளை எழும்பி வந்து, "அப்பா, நான் பரீட்சை எழுதணும்" என்று சொல்லும். நிஜ வீட்டில் சொல்ல முடியாத வார்த்தையை அது அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறது. எதிரே பெற்றோர் உட்கார்ந்து கேட்கிறார்கள். சொற்பொழிவு பத்து வைத்தாலும் இந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாகாது.

நாடகம் முடிந்ததும் சட்டத்தையும் சொல்லிவிடுங்கள். இலங்கையில் 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021 இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. சின்னப் பிள்ளையை யாராவது வேலைக்கு வைத்திருந்தாலோ, துன்புறுத்தினாலோ 1929 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிள்ளைகள் எல்லோரும் அந்த நாலு எண்ணையும் பாட்டாகக் கட்டிப் பாடட்டும். மறக்காது.

கவனிக்க வேண்டியவை

1. தோட்டத்தில் உள்ள ஒரு குடும்பத்தின் நிஜக் கதையை நாடகமாக்காதீர்கள். பெயரை மாற்றினாலும் ஆட்கள் கண்டுகொள்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளைதான் வெட்கப்படும்.

2. நடிப்பு சரியில்லை என்று அடிக்கவோ திட்டவோ கூடாது. திக்கிப் பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க இடம் கொடுக்காதீர்கள்.

3. முதலாம், இரண்டாம், மூன்றாம் பரிசு வேண்டாம். ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுத்தால் இருபது பிள்ளைகள் தோற்றுப்போகும். எல்லோருக்கும் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுங்கள்.

4. தீப்பந்தம், உயரமான கம்பம் இரண்டும் சிறுவர் நாடகத்தில் கூடாது. அவை அனுபவமுள்ள பெரியவர்களின் கூத்துக்கு உரியவை. குளவிக்கூடு உள்ள மரத்தடியிலும் தப்பு அடிக்காதீர்கள்.

5. பயிற்சி நேரத்தில் பொறுப்பான பெரியவர் இருவராவது கூடவே இருக்கவேண்டும். தாய்மார் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்ற நிலை இருக்கவேண்டும்.

6. நடிக்க விருப்பமில்லாத பிள்ளையை இழுத்து நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவது வாரம் தானாகவே வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"ரி.வி. இருக்கு, கையில போன் இருக்கு, அதுல இல்லாத நாடகமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நாடகம் இருக்கிறது. உங்கள் பிள்ளை அதில் இல்லை. போனில் வரும் கதை, பார்ப்பவர் சிரித்தாலும் அழுதாலும் ஒரே மாதிரித்தான் ஓடும். முற்றத்தில் நடக்கும் நாடகமோ நீங்கள் சிரித்தால் இன்னும் கொஞ்சம் குதிக்கும். அதனால்தான் தாயும் தகப்பனும் வந்து உட்கார வேண்டும் என்று கேட்கிறோம். அரை மணித்தியாலம் போதும். குடித்துவிட்டு வரவேண்டாம். போனைப் பைக்குள் வையுங்கள். கை தட்டுங்கள்.

பாட்டிமாரையும் கூட்டிவாருங்கள். அவர்களிடம் காமன் கதையும் அல்லி கதையும் நல்லதங்காள் கதையும் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த நாடகம் அங்கிருந்தே கிடைக்கும். பேரன் நடிக்கப் பாட்டி கைதட்டும் முற்றத்தில் இரண்டு பேருடைய தனிமையும் கொஞ்சம் குறையும்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

அ. நம் தோட்டத்தில் பிள்ளைகள் சத்தமாகச் சிரித்து விளையாட இடம் எங்கே இருக்கிறது?

ஆ. உங்கள் பிள்ளை கடைசியாக உங்களிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொன்னது எப்போது? நீங்கள் கேட்டு முடித்தீர்களா?

இ. காமன் கூத்துக் கலைஞர்கள் நம் தோட்டத்தில் யார் யார்? அவர்கள் பிள்ளைகளுக்குப் பாட்டும் அடவும் பழக்குவார்களா?

ஈ. வரும் நாலு ஞாயிறுகளில் பிள்ளைகளோடு இருக்க முன்வரும் இரண்டு பெரியவர்கள் யார்?

கடைசிக் கேள்விக்கு இரண்டு பெயர் கிடைத்துவிட்டால் உங்கள் தோட்டத்தில் சிறுவர் நாடகம் தொடங்கிவிட்டது என்றே சொல்லலாம். கூடையும் படங்கும் மிலாறும் தயாராக இருக்கின்றன. குரங்குகளைத் தேடி நாம் எங்கேயும் போகத் தேவையில்லை!